முப்பதில் அளந்தால் ஐம்பதைத் தாண்டலாம்

1950 முதல் 1954 வரை சிங்கப்பூரில் செய்யப்பட்ட 9,568 பிரேதப் பரிசோதனைகளின் பதிவேடுகளை டாக்டர் டி. ஜே. தனராஜ் தம் சகாக்களோடு எடுத்து ஆராய்ந்தார். இறந்தவர்களை இனவாரியாகப் பிரித்து, இதயத் தமனி நோய் யாரிடம் எவ்வளவு இருந்தது என்று கணக்கெடுத்தார்கள். சீனர்களைவிட இந்தியர்களிடம் அந்த நோய் ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகமாக இருந்தது. 1959-இல் 'அமெரிக்கன் ஹார்ட் ஜர்னல்' இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது. கடல் கடந்து குடியேறிய இந்தியர்களின் இதயத்தைப் பற்றி மருத்துவ உலகத்துக்குக் கிடைத்த மிகப் பழைய எச்சரிக்கைகளில் இதுவும் ஒன்று. தனராஜ் பிற்பாடு கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவராக இருந்து மலேசியாவுக்கு மருத்துவர்களை உருவாக்கினார்.

எச்சரிக்கை வந்து அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. மலேசியாவில் மாரடைப்பு நோயாளிகளைப் பதிவு செய்யும் தேசியப் பதிவேடு 2006-இல் தொடங்கியது. மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏறத்தாழ 7 சதவீதம்தான். அந்தப் பதிவேட்டிலோ ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இந்தியர். நாடு முழுதும் பார்த்தாலும் நிலைமை ஆறுதல் தருவதாக இல்லை. 2020-இல் மருத்துவச் சான்று பெற்ற மரணங்களில் 17 சதவீதத்துக்கு இதயத் தமனி நோயே காரணம். ஒரே ஆண்டில் 18,515 பேர்; நாளுக்கு ஐம்பது பேர்.

செகிஞ்சான், தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர், ஜெரம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று வட சிலாங்கூரில் பரவிக் கிடக்கும் நம் குடும்பங்களில், நாற்பதுகளிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அப்பாவையோ அண்ணனையோ அறியாத வீடு குறைவு. "நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்தாரு" என்பதுதான் சாவு வீட்டில் எல்லாரும் சொல்வது. அவர் நன்றாக இருக்கவில்லை. பத்து, இருபது ஆண்டுகளாக அவர் உடம்புக்குள் நோய் வளர்ந்துகொண்டிருந்தது. யாரும் அளந்து பார்க்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த அளவைப் பற்றியது.

நூறு கிலோமீட்டர் தூரம்

மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ஒன்று திடீரென அடைபடுவது. அடைபட்ட அரை மணி நேரத்துக்குள் தசை இறக்கத் தொடங்குகிறது. ஆறு மணி நேரம் கடந்துவிட்டால் அந்தப் பகுதியில் காப்பாற்ற அதிகம் மிஞ்சாது. இறந்த இதயத் தசை மறுபடி வளர்வதில்லை. பிழைத்தவர் மீதி நாளை மூச்சு வாங்கிக்கொண்டு கழிக்க நேரிடலாம்.

அடைப்பை நீக்கச் சிறந்த வழி, கை அல்லது தொடையிலுள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைபட்ட இடத்தில் பலூனை விரித்து, 'ஸ்டென்ட்' என்னும் வலைக்குழாயைப் பொருத்துவது. இதைச் செய்யும் கூடங்கள் கோலாலம்பூரில் 1992-இல் திறக்கப்பட்ட தேசிய இருதயக் கழகமான ஐஜேஎன், செர்டாங் மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில் இருக்கின்றன. செகிஞ்சானிலிருந்து கோலாலம்பூர் சுமார் 100 கிலோமீட்டர். நோயாளி மருத்துவக் குழுவின் கைக்கு வந்ததிலிருந்து 120 நிமிடத்துக்குள் இந்தச் சிகிச்சை நடக்க வேண்டும் என்கின்றன மருத்துவ வழிகாட்டிகள். அது முடியாது என்று தெரிந்தால், மாவட்ட மருத்துவமனையின் அவசரப் பிரிவிலேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அந்த ஊசியும் முதல் சில மணி நேரத்தில் போட்டால்தான் முழுப் பலன் தரும்.

இந்த நேரத்தைத்தான் நாம் வீட்டிலேயே வீணாக்குகிறோம். நெஞ்சு கனத்தால் "காத்துப் பிடிச்சிருக்கு" என்று இஞ்சித் தண்ணீர் கொடுக்கிறோம், தைலம் தேய்க்கிறோம், விடியட்டும் என்று படுக்க வைக்கிறோம். நெஞ்சின் நடுவில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை இருந்தால் வாயு என்று முடிவு கட்டும் உரிமை வீட்டில் யாருக்கும் இல்லை. உடனே 999 அழைக்க வேண்டும். பெண்களுக்கும் நெடுநாள் இனிப்புநீர் உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல், வெறும் களைப்பும் மூச்சிரைப்பும் குமட்டலுமாக மாரடைப்பு வரக்கூடும். அவர்களிடத்தில் இன்னும் கூடுதல் கவனம் தேவை.

எவ்வளவு விரைந்தாலும் தூரம் தூரம்தான். கோலாலம்பூரில் பங்சாரில் குடியிருப்பவருக்கும் பெஸ்தாரி ஜெயா தோட்டத்தில் குடியிருப்பவருக்கும் ஒரே நேரத்தில் மாரடைப்பு வந்தால் இருவருக்கும் ஒரே வாய்ப்பு இல்லை. அதனால் மருத்துவமனைக்குத் தொலைவில் வாழ்பவர்களுக்கு, நோய் வருமுன் அறிந்துகொள்வது நகரத்துக்காரர்களைவிடப் பல மடங்கு முக்கியம்.

தமனிச் சுவருக்குள் நடப்பது

ரத்தக் குழாயில் கொழுப்பு படிவதை, செகிஞ்சான் வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலில் சேறு படிவதுபோலப் பலர் நினைத்திருக்கிறார்கள். வாய்க்காலில் சேறு தண்ணீர் ஓடும் பாதையில் படிகிறது. தமனியில் கொழுப்பு படிவதோ கரைக்குள்ளே, அதாவது சுவருக்குள்ளே. இந்த ஒரு வேறுபாடு புரிந்தால் இதய நோயின் பாதி மர்மம் விளங்கிவிடும்.

தமனியின் உட்புறம் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆன மெல்லிய விரிப்பு இருக்கிறது. உயர் ரத்த அழுத்தம், ரத்தத்தில் மிகுந்த சர்க்கரை, சிகரெட் புகை மூன்றும் அதைக் காயப்படுத்துகின்றன. எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்புத் துகள்கள் அதன் வழியே சுவருக்குள் நுழைந்து அங்கேயே தங்குகின்றன. அவற்றை அகற்ற வரும் வெள்ளணுக்கள் கொழுப்பை விழுங்கி விழுங்கிப் பருத்து, தாமும் அங்கேயே மடிகின்றன. ஆண்டுகள் போகப் போகச் சுவருக்குள் கொழுப்பும் இறந்த செல்களும் சுண்ணமும் சேர்ந்து மேடாகின்றன. தமனி வெளிப்பக்கமாக விரிந்து கொடுப்பதால், நெடுங்காலம் உள்வழி குறுகுவதே இல்லை. ரத்தம் தடையின்றி ஓடும். நோயாளி மூட்டை தூக்குவார், பந்து விளையாடுவார், எந்த வலியும் இருக்காது.

பிறகு ஒரு நாள் அந்த மேட்டின் மேல்தோல் கிழிகிறது. உள்ளே இருந்த கொழுப்பு ரத்தத்தின்மேல் பட்டதும், காயத்தை அடைக்க உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு உடனே வேலையைத் தொடங்குகிறது. ரத்தம் அந்த இடத்தில் உறைந்து, சில நிமிடங்களில் குழாய் அடைபடுகிறது. முந்தின நாள்வரை நன்றாக இருந்தவர் திடீரென்று விழுவது இப்படித்தான்.

இது வயதானவர்களின் நோய் என்ற எண்ணத்தை உடைத்தது ஒரு போர். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை மருத்துவர்கள் அறுத்துப் பார்த்து 1953-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களின் சராசரி வயது 22. நான்கில் மூன்று பேருக்கு மேல், துல்லியமாக 77 சதவீதத்தினரின் இதயத் தமனிகளில் நோயின் தடயம் இருந்தது. ஆக, மாரடைப்பு ஐம்பதில் வந்தாலும் அது இருபதுகளிலேயே தொடங்கிவிட்டது. கெட்ட கொழுப்பின் அளவு மட்டும் கேடு செய்வதில்லை. எத்தனை ஆண்டுகள் அந்த அளவோடு வாழ்ந்தோம் என்பதும் சேர்ந்துதான் கேடு செய்கிறது. முன்கூட்டியே கண்டறிவதன் மதிப்பு இந்த ஆண்டுகளை மிச்சப்படுத்துவதில் இருக்கிறது.

ஏன் நமக்கு முன்னதாக?

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியரும் கேரளத்தில் பிறந்தவருமான சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004-இல் வெளிவந்தது. முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் ஆண்களிடம் 90 சதவீதத்தையும் பெண்களிடம் 94 சதவீதத்தையும் ஒன்பதே காரணிகள் விளக்குகின்றன என்று அது காட்டியது. புகைபிடித்தல், ரத்தக் கொழுப்பின் சமநிலைக் கேடு, உயர் ரத்த அழுத்தம், இனிப்புநீர், தொப்பை, மன அழுத்தம், காய்கனி குறைவாக உண்பது, உடலுழைப்பின்மை, மது ஆகியவையே அவை. தெற்காசியர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மற்ற நாட்டவருக்கு முதல் மாரடைப்பு வந்த இடைநிலை வயது ஏறத்தாழ 59. தெற்காசியர்களுக்கு அது 53. ஆறு ஆண்டுகள் முன்னதாக வருவதற்குக் காரணம் ஏதோ மர்மமான சாபம் இல்லை. அதே காரணிகள் நம்மை இளவயதிலேயே பிடித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

அவற்றில் முதலாவது இனிப்புநீர். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களில் அது 31.4 சதவீதம். கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர்.

இரண்டாவது, நம் உடம்பில் கொழுப்பு சேரும் இடம். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் பேராசிரியர் ஜான் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவரின் படத்தையும் சேர்த்து வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பிலிருந்த கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லியாக இருப்பவருக்கும் வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றிக் கொழுப்பு தேங்கியிருக்கலாம். "ஆளு ஒல்லிதான், அவருக்கென்ன" என்ற பேச்சு நம் விஷயத்தில் செல்லாது. தராசைவிட இடுப்பைச் சுற்றும் டேப்பே நமக்கு உண்மை சொல்லும். ஆண்களுக்கு 90 செண்டிமீட்டர், பெண்களுக்கு 80 செண்டிமீட்டர் என்பது ஆசியர்களுக்கான எல்லை.

மூன்றாவது, நாம் வாழும் மண்ணின் விளைச்சலும் நம் தட்டும். செகிஞ்சான் நெல்லுக்குப் பெயர்போன ஊர். சற்றுத் தெற்கே, இன்றைய பெஸ்தாரி ஜெயா அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே 1917-இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். நெல்லும் செம்பனையும் இந்த வட்டாரத்துக்குச் சோறு போட்டவை. ஆனால் அந்தச் சோறும் எண்ணெயும் அளவு மீறினால் இதயத்துக்கு நல்லதில்லை. 21 நாடுகளில் ஒரு லட்சத்து 32 ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியான ஆய்வு, வெள்ளைச் சோறு அதிகம் உண்பவர்களுக்கு இனிப்புநீர் வரும் ஆபத்து கூடுகிறது என்றும், தெற்காசியர்களிடம் அந்தத் தொடர்பு மிக வலுவானது என்றும் கண்டது. செம்பனை எண்ணெயின் கொழுப்பில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் அது இன்னும் அதிகம். நிறைவுற்ற கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றுகிறது.

நம் தாத்தா பாட்டிகளும் சோறுதான் சாப்பிட்டார்கள் என்று கேட்பது நியாயமே. அவர்கள் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டினார்கள், வாளி சுமந்தார்கள், மைல் கணக்கில் நடந்தார்கள். எரித்த பிறகுதான் உண்டார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, பிள்ளைகள் லாரி ஓட்டவும் காவல் வேலைக்கும் தொழிற்சாலை ஷிப்டுக்கும் போன பிறகு உழைப்பு மாறிவிட்டது, தட்டு மாறவில்லை. அதோடு கெட்டிப்பால் விட்ட தே தாரிக்கும் இரவு ஷிப்டு முடிந்து தின்னும் ரொட்டி சானாயும் நாசி லெமாக்கும் சேர்ந்துகொண்டன.

நான்காவது, பிறப்பிலேயே வருவது. 'லிப்போபுரோட்டீன்-ஏ' என்னும் கொழுப்புத் துகளின் அளவை மரபணுவே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஐரோப்பியர்களைவிடத் தெற்காசியர்களிடம் அது சராசரியில் கூடுதல். குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால், வாழ்நாளில் ஒருமுறை இதை அளந்து பார்ப்பது பயனுள்ளது என்று ஐரோப்பிய இதயநோய் வழிகாட்டிகள் சொல்கின்றன.

அளக்க வேண்டியவை

அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் என்ற சிற்றூரில் 1948-இல் 5,209 ஆண்களையும் பெண்களையும் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். அவர்கள் நலமாக இருக்கும்போதே ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் அளந்து எழுதி வைத்து, யாருக்குப் பின்னாளில் மாரடைப்பு வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பார்த்தார்கள். 'ஆபத்துக் காரணி' என்ற கருத்தே அந்த ஊரிலிருந்துதான் உலகெங்கும் பரவியது. இன்றும் மலேசியக் கிளினிக்குகளில் மருத்துவர் உங்கள் வயது, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம், இனிப்புநீர் ஆகியவற்றைச் சேர்த்து அடுத்த பத்து ஆண்டுகளுக்கான ஆபத்தைச் சதவீதத்தில் சொல்வது அந்த வழிமுறையில்தான்.

இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். கையில் கட்டும் ரத்த அழுத்தப் பட்டை, ஒரு சிறு குழாய் ரத்தம், இடுப்பு டேப், நான்கைந்து கேள்விகள் போதும்.

ரத்த அழுத்தம் அளக்கும்போது செய்யும் சிறு பிழைகூட எண்ணை மாற்றிவிடும். அவசரமாக மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்ததும் கையை நீட்டக் கூடாது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். இரு பாதங்களும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். காலின்மேல் கால் போடக் கூடாது. கை மேசையில், இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு முன் காப்பியோ சிகரெட்டோ கூடாது. அளக்கும்போது பேசக் கூடாது. ஒருமுறை கூடிவிட்டால் பயந்துவிடாமல் இன்னொரு நாள் மறுபடி அளக்க வேண்டும். மீண்டும் மீண்டும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம்.

வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 7.0 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் இனிப்புநீர். கொழுப்பில் மொத்த அளவை மட்டும் பார்க்காமல் எல்டிஎல் எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும். ஆபத்து குறைந்தவருக்கே அது 3.0-க்குக் கீழ் இருப்பது நல்லது. இனிப்புநீர் உள்ளவருக்கும் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கும் இன்னும் வெகுவாகக் குறைய வேண்டும்.

இவற்றோடு மருத்துவரிடம் தாமாகச் சொல்ல வேண்டிய செய்திகள் சில உண்டு. அப்பாவுக்கோ கூடப்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ கூடப்பிறந்த பெண்ணுக்கோ 65 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் அதைச் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் இனிப்புநீரோ ரத்தக் கொதிப்போ வந்து, பிரசவத்துக்குப் பின் சரியாகிவிட்டது என்று மறந்துவிட்ட பெண்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பின்னாளில் இதய நோய் வரும் ஆபத்து மற்ற பெண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு.

சோதனை சொல்லாதவை

ஈசிஜி எடுத்து "நார்மல்" என்று வந்ததும் நிம்மதியாகத் தேநீர்க் கடைக்குப் போகிறவர்கள் நம்மில் மிகுதி. வில்லெம் ஐந்தோவன் என்ற டச்சு அறிஞர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த இந்தக் கருவிக்கு 1924-இல் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சு வலியோடு வருபவரைக் காப்பாற்ற இன்றும் அதுவே முதல் கருவி. ஆனால் அது அந்த நேரத்து இதயத்தின் மின்னோட்டத்தை மட்டும் காட்டும். சுவருக்குள் இருக்கும் மேட்டை அது பார்க்காது. ஓடும் பட்டையில் ஓட வைத்துச் செய்யும் டிரெட்மில் சோதனையும் தமனி வெகுவாகக் குறுகிய பிறகுதான் சந்தேகம் காட்டும். தமனிச் சுவரின் சுண்ணத்தை அளக்கும் சிடி ஸ்கேன் உண்மையில் பயனுள்ளது. நடுத்தர ஆபத்து உள்ளவருக்கு மருந்து தொடங்கலாமா வேண்டாமா என்ற குழப்பத்தைத் தீர்க்க அது உதவும். எல்லாரும் எடுக்க வேண்டிய சோதனை அது இல்லை.

சோதனை மட்டும் உயிரைக் காப்பாற்றும் என்று சொன்னால் அது உண்மைக்கு மாறானது. டென்மார்க்கில் 65 முதல் 74 வயதுவரை உள்ள 46,000-க்கும் மேற்பட்ட ஆண்களைக் கொண்டு நடந்த 'டான்காவாஸ்' ஆய்வில், ஒரு பகுதியினருக்கு ஸ்கேன் உள்ளிட்ட விரிவான இதயப் பரிசோதனைக்கு அழைப்பு அனுப்பினார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தும், அழைக்கப்பட்டவர்களிடம் மொத்த மரணங்கள் உறுதியாகக் குறைந்ததாகச் சொல்ல முடியவில்லை. 2022-இல் முடிவு வெளிவந்தது. எழுபதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் மட்டும் பலன் இருக்கலாம் என்ற அறிகுறி தெரிந்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் இரண்டு. தாமதமாகச் செய்யும் சோதனை தாமதம்தான். அதோடு, சோதனைக்குப் பின் என்ன செய்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. ஆயிரம் வெள்ளி கட்டி வாங்கிய அறிக்கையை அலமாரியில் வைப்பவரைவிட, கிளினிக்கில் எழுதித் தந்த மாத்திரையை நாள் தவறாமல் விழுங்குபவர் பாதுகாப்பாக இருக்கிறார்.

மாத்திரையின் பலனில் ஐயம் இல்லை. பல்லாயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வுகளின்படி, மேல் ரத்த அழுத்தத்தை 10 புள்ளி குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய தாக்குதல்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. எல்டிஎல்லை 1 மில்லிமோல் குறைத்தாலும் ஏறக்குறைய அதே அளவு குறைகின்றன. "மருந்து தின்னா கிட்னி போயிடும்" என்று நம்மவர் பலர் பாதியில் நிறுத்துகிறார்கள். கிட்னியைக் கெடுப்பது கட்டுக்கு அடங்காத சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும்தான். எண் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துபவர்களும் உண்டு. மாத்திரை சாப்பிட்டதால்தான் எண் சரியாக இருக்கிறது.

மலேசியக் கிராமங்கள் காட்டிய வழி

மாத்திரையை விடாமல் தொடரும் பழக்கத்தை எப்படி உண்டாக்குவது என்பதற்கு வெளிநாட்டுக்குப் போய்ப் பதில் தேட வேண்டாம். சலீம் யூசுப்பின் குழுவும் மலேசிய ஆய்வாளர்களும் சேர்ந்து கொலம்பியாவிலும் மலேசியாவிலும் 30 சமூகங்களில் 'ஹோப் 4' என்ற ஆய்வை நடத்தினார்கள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாத 1,371 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பகுதியினரின் இடத்துக்கே, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் போனார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்லர். கையில் ஒரு டேப்லட் கணினி வைத்துக்கொண்டு ஆபத்தைக் கணக்கிட்டு, அறிவுரை சொல்லி, மருத்துவரின் மேற்பார்வையில் ரத்த அழுத்த மருந்தையும் கொழுப்பு மருந்தையும் இலவசமாகக் கொடுத்தார்கள். கூடவே ஒவ்வொரு நோயாளியும் தம் குடும்பத்திலிருந்தோ நண்பர்களிலிருந்தோ ஒருவரைத் துணையாக வைத்துக்கொண்டார். மருந்தை நினைவூட்டுவதும் நடக்க அழைத்துப் போவதும் அந்தத் துணைவரின் வேலை.

ஓராண்டில் கிடைத்த பலனை 2019-இல் 'லான்செட்' வெளியிட்டது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 30 சதவீதத்தினருக்கே ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்திருந்தது. துணைவரும் சுகாதாரப் பணியாளரும் இருந்த பிரிவில் 69 சதவீதத்தினருக்கு வந்தது. பத்தாண்டு இதய ஆபத்தும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்களிடம் ஏறக்குறைய இரு மடங்கு அதிகமாகக் குறைந்தது. அளவு, மாத்திரை, கூட ஓர் ஆள். இந்த மூன்றும் சேர்ந்தால் தோட்டப்புறத்திலும் இதயத்தைக் காக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

எங்கே போவது, எப்போது போவது

அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில், அதாவது கிளினிக் கெசிஹாத்தானில், குடிமக்கள் கட்டணம் ஒரு வெள்ளி. குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2019-இல் தொடங்கிய 'பெக்கா பி40' திட்டத்தில் ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகள் இலவசம். அரசு உதவித்தொகை பெறுபவரின் கணவனோ மனைவியோகூட இதில் அடக்கம். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் சந்தா கட்டும் தொழிலாளர்களுக்கு 40 வயதில் இலவசப் பரிசோதனை தரும் திட்டம் 2013 முதல் இருக்கிறது. சிலாங்கூர் மாநில அரசின் இலவசப் பரிசோதனைத் திட்டமான 'சிலாங்கூர் சாரிங்' 2022-இல் வந்தது. வாய்ப்புகள் இருக்கின்றன, நாம்தான் அறிவிப்புத் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். போனால் ஏதாவது நோயைச் சொல்லிவிடுவார்களோ என்ற அச்சமும், ஒரு நாள் கூலி போகுமே என்ற கவலையும் நம்மை வீட்டிலேயே நிறுத்திவிடுகின்றன. அந்த ஒரு நாள் கூலிக்கும், நாற்பத்தைந்து வயதில் படுத்துவிட்ட குடும்பத் தலைவர் இழக்கும் இருபது ஆண்டுக் கூலிக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலவசத் திட்டங்கள் பல 40 வயதில் தொடங்குகின்றன. நமக்கு நாற்பது தாமதம். மலேசிய இனிப்புநீர் வழிகாட்டியே 30 வயதிலிருந்து பரிசோதிக்கச் சொல்கிறது. குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தாலோ, இடுப்பளவு எல்லையைத் தாண்டியிருந்தாலோ, கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்திருந்தாலோ முப்பதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

கோயில் நிர்வாகங்களுக்கும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இது. ஆண்டுத் திருவிழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் ஊரே திரள்கிறது. அந்த நாளில் ஒரு மூலையில் மேசை போட்டு, அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்கோடு பேசி, வருகிறவர்களின் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இடுப்பளவையும் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். எண் கூடியவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் அவர்களைக் கிளினிக்குக்கு அழைத்துப்போக ஒரு வேனும் இரண்டு தொண்டர்களும் இருந்தால் போதும். அன்னதானத்தில் எண்ணெயைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டினால் அதுவும் நல்ல தொண்டுதான்.

உங்களுக்கு முப்பது வயது ஆகிவிட்டதா? இந்த மாதமே ஒரு நாள் காலையில், பச்சைத் தண்ணீர் தவிர வேறெதுவும் குடிக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, எல்டிஎல், இடுப்பளவு என்ற நான்கு எண்களையும் எழுதி வாங்கி வாருங்கள். கூடவே உங்கள் அண்ணனையோ மனைவியையோ பக்கத்து வீட்டுக்காரரையோ அழைத்துப் போங்கள். பிறகு ஒருவருக்கொருவர் மாத்திரையை நினைவூட்டுங்கள். சிகரெட்டை இன்றே விட்டுவிடுங்கள். தனராஜ் நமக்குச் சொன்ன எச்சரிக்கைக்கு நாம் தர வேண்டிய பதில் இவ்வளவுதான். அதற்குச் செலவு ஒரு வெள்ளியும் ஒரு காலைப் பொழுதும்.